கிளைக் கடையின் பெயரில் கதவைத் தட்டுவது யார்?

இலங்கையில் வீ.பீ.என். என்ற பெயர் வீடுகள் தோறும் நுழைந்தது 2018 மார்ச் மாதத்தில்தான். திகன வன்செயல்களின்போது பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவை முடக்கப்பட்டதும், பாடசாலைப் பிள்ளைகள் கூட கையடக்கத் தொலைபேசியில் ஒரு வீ.பீ.என். செயலியை ஏற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் சில மணித்தியாலங்கள் நிறுத்தப்பட்டபோதும் அதே கதைதான். இதனால் எமது வர்த்தகர்களில் பலர் வீ.பீ.என். என்றதும், அடைத்து வைத்ததைத் திறக்கும் ஒரு சாமான் என்றே விளங்கிக்கொள்கிறார்கள்.

அதே பெயரில் வியாபாரத்துக்குப் பயன்படும் வேறொரு ஏற்பாடு உண்டு. அது தொலைபேசியில் ஏற்றுவதல்ல. ஒரு கடையின் ரவுட்டரையும் இன்னொரு கடையின் ரவுட்டரையும் இணையத்தின் ஊடாக இரகசியமாகப் பிணைத்து, இரண்டு ஊர்களில் இருக்கும் கணனிகளை ஒரே கட்டடத்தில் இருப்பவை போல் ஆக்குவது. புறக்கோட்டையில் மொத்தக் கடையும், கல்முனையிலும் குருநாகலிலும் கிளைகளும் வைத்திருப்பவருக்கு இது எத்தனை வசதி என்பதை விளக்கத் தேவையில்லை. கல்முனையில் பில் அடித்த மறுகணம் கொழும்பில் ஸ்டொக் குறையும். கடன் வாங்கியவரின் பாக்கி எந்தக் கடையிலும் தெரியும். மாலையில் மூன்று கடைகளின் கணக்கையும் ஒரே திரையில் பார்க்கலாம்.

இந்த வசதியைச் செய்துகொடுக்கும் இளைஞர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து, வேலையை முடித்து, "லைன் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதலாளியும் திரையில் கணக்கு வருவதைக் கண்டு திருப்தியடைகிறார். ஆனால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்பதில்லை. "என் ரவுட்டர் மறுமுனையில் இருப்பது என் கிளைதான் என்று எதை வைத்து நம்புகிறது?" என்பதே அந்தக் கேள்வி. வேலை முழுவதிலும் முக்கியமானது அதுதான். அதை ஒரு வியாபாரி விளங்கிக்கொள்ளக்கூடிய முறையில் இங்கு பார்ப்போம்.

திறந்து கிடக்கும் பின்கதவு

வீ.பீ.என். இல்லாமலும் கிளைகளை இணைக்கலாம். பலர் அப்படித்தான் இணைத்திருக்கிறார்கள். கொழும்புக் கடையின் ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து வருபவரை நேராக சேர்வர் கணனிக்கு அனுப்பிவிடுவார்கள். வின்டோஸ் கணனியைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதிக்கு 3389 என்ற இலக்க வாசல் பாவிக்கப்படுகிறது. கிளையில் இருப்பவர் அதன் வழியாக வந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்து வேலை செய்வார்.

இதில் உள்ள சிக்கல், அந்த வாசல் கல்முனைக் கிளைக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு முகவரியையும் இரவு பகலாகத் தட்டிப் பார்த்து, எங்கே வாசல் திறந்திருக்கிறது என்று தேடும் தானியங்கி நிரல்கள் உள்ளன. கண்டுபிடித்ததும் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். உள்ளே போய்விட்டால் கணக்குகள் அனைத்தையும் பூட்டி வைத்துவிட்டு, திறப்பதற்குக் கப்பம் கேட்பார்கள். கப்பம் கேட்கும் கும்பல்கள் உலகெங்கும் அதிகமாகப் பாவித்த வழிகளில் இந்த வாசலும் ஒன்று.

கடன் கொப்பி, கொள்வனவு விலை, வழங்குநர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம், வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் என எல்லாம் அந்த சேர்வரில்தான் இருக்கின்றன. ஒரு வியாபாரிக்கு இவை பிறத்தியார் கண்ணில் படக்கூடாதவை. வாடிக்கையாளரின் விபரங்களோ எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறருடைய விபரங்களை வைத்திருப்போர் அவற்றைத் தகுந்த ஏற்பாடுகளால் பாதுகாக்க வேண்டும் என்பதை ஒரு கடமையாக வகுத்திருக்கிறது.

சுரங்கப்பாதை என்பது என்ன?

வீ.பீ.என். இணைப்பைத் தொழில்நுட்பவியலாளர்கள் "டனல்", அதாவது சுரங்கப்பாதை என்பார்கள். நிலத்துக்கு அடியில் எதுவும் தோண்டப்படுவதில்லை. கல்முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் அங்குள்ள ரவுட்டர் இன்னொரு உறைக்குள் போட்டு, உள்ளே இருப்பதை எவருக்கும் விளங்காத எழுத்துகளாக மாற்றி, கொழும்பு ரவுட்டரின் முகவரியை மேலே எழுதி அனுப்புகிறது. கொழும்பு ரவுட்டர் உறையைப் பிரித்து, பழைய நிலைக்கு மாற்றி, உள்ளே இருக்கும் கணனிக்குக் கொடுக்கிறது. இடையில் எத்தனை கம்பனிகளின் கம்பிகள் ஊடாகப் போனாலும் உள்ளே இருப்பது வெளியில் தெரியாது.

இதற்கென உலகம் ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறைக்கு ஐ.பி.செக் என்று பெயர். பரவலாகப் பாவனைக்கு வந்த அதன் விதிகள் 1998இல் வெளியாகின. இரு ரவுட்டர்களும் முதன்முதலில் பேசி உடன்பாட்டுக்கு வரும் பகுதியை ஐ.கே.ஈ. என்கிறார்கள். இதன் முதலாம் பதிப்பு 1998இலும் இரண்டாம் பதிப்பு 2005இலும் வந்தன. முதலாம் பதிப்பு காலாவதியானது என 2023இல் முறைப்படி அறிவிக்கப்பட்டுவிட்டது. எனவே புதிதாகச் செய்விப்பவர்கள் இரண்டாம் பதிப்பைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

தரவை விளங்காத எழுத்துகளாக மாற்றும் வேலைக்கு முன்னர் டீ.ஈ.எஸ். என்ற முறை பாவிக்கப்பட்டது. 1977இல் அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த முறையை, 1998இல் அதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரம் 56 மணித்தியாலங்களில் உடைத்துக் காட்டியது. அதன் பின்னர் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வகுத்த முறையொன்று, ஏ.ஈ.எஸ். என்ற பெயரில் 2001இல் அந்த இடத்துக்கு வந்தது. இன்று வங்கிகளும் பாவிப்பது அதைத்தான். முறையாகப் போடப்பட்ட ஏ.ஈ.எஸ். பூட்டை நேராக உடைத்ததாக இதுவரை எவரும் காட்டியதில்லை.

அப்படியென்றால் கவலை எதற்கு? திருடன் பூட்டை உடைக்க வருவதில்லை. சாவியைத் தேடித்தான் வருகிறான்.

சீல் வைத்த லொறி

புறக்கோட்டையில் சாமான் ஏற்றி, கதவைப் பூட்டி, சீல் வைத்து ஒரு லொறியை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எவரும் சீலை உடைக்கவில்லை. ஆனால் கல்முனைக்கு வெளியே, எமது கடையின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு ஒருவன் களஞ்சியம் திறந்து வைத்திருக்கிறான். சாரதி புதியவர். அங்கேயே லொறியை நிறுத்தி, சாமானை இறக்கிவிட்டு வருகிறார். பூட்டிலும் குறையில்லை, சீலிலும் குறையில்லை. சாமான்தான் இல்லை.

வீ.பீ.என். இணைப்பிலும் இதுவே நடக்கக்கூடும். இரு ரவுட்டர்களும் பேசத் தொடங்கும்போது தமக்குள் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1976இல் வெளியிட்ட வழி இதற்கு உதவுகிறது. சந்தையின் நடுவில் நின்று இருவர் உரத்த குரலில் கதைத்து, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, அவர்களிருவருக்கு மட்டுமே தெரிந்த ஓர் எண்ணுக்கு வந்து சேர்வதைப் போன்றது அது. ஆச்சரியமான கண்டுபிடிப்புத்தான். ஆனால் அது ஒன்றை மட்டும் சொல்லாது. எதிரில் நின்று கதைப்பவர் யார் என்பதை அது சொல்லாது. முன்பின் தெரியாத ஒருவனுடனும் அதே அளவு இரகசியமாகக் கதைக்கலாம்.

ஆகவே இரகசியம் ஒரு வேலை, ஆளை அடையாளம் காண்பது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் அடையாள உறுதிப்படுத்தல் என்கிறார்கள். அதை இரு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று செய்ய வேண்டும். கொழும்பு ரவுட்டர் கல்முனையை அடையாளம் கண்டால் மட்டும் போதாது, கல்முனை ரவுட்டரும் கொழும்பை அடையாளம் காண வேண்டும். இதைச் செய்ய நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: இருவருக்கும் தெரிந்த சொல்

இரு ரவுட்டர்களிலும் ஒரே இரகசியச் சொல்லை முன்கூட்டியே எழுதிவைப்பது முதல் வழி. தொழில்நுட்பவியலாளர்கள் இதைப் "ப்ரீ ஷெயார்ட் கீ" என்பார்கள். பகிர்ந்த சாவி என்று நாம் சொல்லலாம். அந்தச் சொல்லை அப்படியே இணையத்தில் அனுப்பாமல், தனக்கு அது தெரியும் என்பதை ஒரு கணக்கின் மூலம் ஒவ்வொரு ரவுட்டரும் மற்றதற்கு நிரூபிக்கும்.

செய்வது இலகு, செலவும் இல்லை. இரண்டு மூன்று கடைகளுக்கு இதுவே போதுமானது. ஆனால் இதில் நடக்கும் தவறுகள் எல்லா ஊர்களிலும் ஒன்று போலவே இருக்கின்றன.

முதலாவது, சொல் இலகுவானதாக இருப்பது. கடையின் பெயரும் ஆரம்பித்த வருடமும், அல்லது கடையின் தொலைபேசி இலக்கம். இதை ஊகிக்க மனிதன் தேவையில்லை. கிளைகளின் இணைய முகவரி அடிக்கடி மாறுவதால், சிலர் ஐ.கே.ஈ. முதலாம் பதிப்பில் "அக்ரெசிவ் மோட்" என்றொரு குறுக்குவழியைப் பாவித்து இணைப்பை ஏற்படுத்துவார்கள். அந்த வழியில், சொல்லிலிருந்து கணக்கிடப்பட்ட விடை, மறைக்கப்படாமலே வெளியில் போகிறது. அதை ஒருவன் எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் வைத்து, வீடியோ கேம் விளையாடும் ஒரு கணனியின் உதவியுடன் விநாடிக்குக் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே வராது. இரண்டாம் பதிப்பில் இந்தக் குறுக்குவழி இல்லை. ஆனாலும் பலவீனமான சொல் எந்தப் பதிப்பிலும் பலவீனமானதுதான். கணனியைக் கொண்டு எழுந்தமானமாக உருவாக்கிய, 25 எழுத்துகளுக்குக் குறையாத சொல்லே பாதுகாப்பானது. அதை எவரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒருமுறை ரவுட்டரில் எழுதினால் போதும்.

இரண்டாவது, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சொல்லைக் கொடுப்பது. நான்கு கடைகளின் முன்கதவுக்கும் ஒரே சாவி செய்வதைப் போன்றது இது. ஒரு கிளையின் ரவுட்டர் களவு போனால் நான்கு கடைகளும் திறந்துவிடும். அதுமட்டுமல்ல, அந்தச் சொல்லை வைத்திருப்பவன் குருநாகல் கிளையிடம், தானே கொழும்புத் தலைமைக் கடை என்று சொல்லிக்கொண்டும் வரலாம். எனவே ஒவ்வொரு கிளைக்கும் வெவ்வேறு சொல் வேண்டும்.

மூன்றாவது, சொல்லை அனுப்பும் விதம். பெட்டகத்தின் சாவியைத் தபாலட்டையில் ஒட்டி அனுப்புபவர் எவருமில்லை. ஆனால் இந்தச் சொல்லை வட்ஸ்அப் குழுவில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழுவில் வேலையை விட்டுப்போன ஊழியர்களும் இருப்பார்கள். ரவுட்டர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, சொல்லை எழுதி, பரீட்சித்து, பின்னர் ஒன்றைக் கிளைக்கு எடுத்துச் செல்வதே சிறந்தது. அது முடியாவிட்டால், அமைக்கும் விபரத்தை ஒரு வழியிலும் இரகசியச் சொல்லை வேறொரு வழியிலும் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் வழி: அடையாள அட்டை

கிளைகள் ஐந்து, ஆறு என்று பெருகினால் சொற்களைப் பராமரிப்பது சிரமம். அப்போது டிஜிட்டல் சான்றிதழ் முறை உதவும். தேசிய அடையாள அட்டையை நினைத்துக்கொண்டால் இது இலகுவாக விளங்கும். முன்பின் தெரியாத ஒருவர் அட்டையைக் காட்டினால் நாம் நம்புவது அவரையல்ல, அதை வழங்கிய ஆட்பதிவுத் திணைக்களத்தைத்தான். அதேபோல எமது தலைமைக் கடையிலேயே சான்றிதழ் வழங்கும் ஒரு சிறிய திணைக்களத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல ரவுட்டர்கள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென இரண்டு சாவிகளை உருவாக்கிக்கொள்ளும். ஒன்று தனிச் சாவி. அது ரவுட்டரை விட்டு வெளியே போவதில்லை. மற்றது பகிரங்கச் சாவி. அதை எவரும் பார்க்கலாம். பகிரங்கச் சாவியையும் கிளையின் பெயரையும் சேர்த்துத் தலைமைக் கடை கையொப்பமிட்டுக் கொடுப்பதே சான்றிதழ். கிளை ரவுட்டர் அந்தச் சான்றிதழைக் காட்டி, தனிச் சாவியால் ஒரு கையொப்பமும் இட வேண்டும். அட்டையைத் திருடியவனால் கையொப்பத்தை இட முடியாது.

இதன் பெரிய நன்மை, ஒரு கிளையை மட்டும் தனியாக நிறுத்த முடிவது. குருநாகல் ரவுட்டர் களவு போனால் அதன் சான்றிதழை இரத்துச் செய்யப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஏனைய கிளைகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி ரவுட்டர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் அதைச் செய்ய மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் முறையில் மூன்று விடயங்களை முதலாளியே கவனிக்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் தலைமைச் சாவி சேர்வரில் கிடக்கக்கூடாது. ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து, சேர்வரிலிருந்து அழித்து, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்தது, சான்றிதழுக்குக் காலாவதித் திகதி உண்டு. அது எந்த நாள் என்பதை வாகன வரிப்பத்திரத்தின் திகதியைப் போல் டயரியில் குறித்துக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு முந்திய வாரத்தில் எல்லாக் கிளைகளும் ஒரே நாளில் நின்றுபோனால் நட்டத்தை எவரும் திருப்பித் தரமாட்டார்கள். மூன்றாவது, ரவுட்டரின் மணிக்கூடு. பல சிறிய ரவுட்டர்களுக்கு உள்ளே மணிக்கூட்டைத் தாங்கும் பெற்றரி இல்லை. மின்வெட்டு முடிந்து இயங்கத் தொடங்கும்போது திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். அன்றைய திகதிக்கு உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கருதி இணைப்பை மறுத்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இணையத்திலிருந்து நேரத்தைத் தானாகப் பெற்றுக்கொள்ளும் வசதியை ரவுட்டரில் இயக்கிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அண்மைக் காலத்தில் வயர்கார்ட் என்ற எளிய முறையும் பரவி வருகிறது. 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் ஓர் அங்கமாகவே அது சேர்க்கப்பட்டது. இதில் சான்றிதழ் வழங்குபவர் என்று எவரும் இல்லை. கிளையின் பகிரங்கச் சாவியைக் கொழும்பிலும், கொழும்பின் பகிரங்கச் சாவியைக் கிளையிலும் நேராக எழுதிவிட வேண்டும். அது 44 எழுத்துகளைக் கொண்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்து சேர்ந்தது சரியான சாவிதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். கிளை முகாமையாளரின் குரலைத் தெரிந்த நீங்கள், தொலைபேசியில் அவரை அழைத்து, எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும்.

பெயரில் மட்டும் சுரங்கம்

சுரங்கப்பாதை என்று சொல்லப்படுவதெல்லாம் பாதுகாப்பானதல்ல. பீ.பீ.ரீ.பீ. என்ற பழைய முறை இன்னும் பல ரவுட்டர்களில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அமைத்துவிடலாம் என்பதால் சிலர் அதையே செய்துவிட்டுப் போகிறார்கள். அதன் கடவுச்சொல் முறையை நிச்சயமாக உடைக்கலாம் என்பது 2012இல் பகிரங்கமாக நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஜீ.ஆர்.ஈ., எல்.ரூ.ரீ.பீ. என்பவையோ தனியாகப் பாவிக்கப்பட்டால் தரவை மறைப்பதே இல்லை. அவற்றுடன் ஐ.பி.செக் சேர்ந்திருக்க வேண்டும். "எந்த முறையில் செய்தீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இரு ரவுட்டர்களும் இரகசிய எண்ணை உருவாக்கும் அந்தக் கணக்கின் பருமன். தொழில்நுட்பவியலாளர்கள் இதைக் "குரூப்" இலக்கத்தால் குறிப்பிடுவார்கள். இரண்டாம் குரூப் என்பது 1024 பிட் அளவானது. பெரிய வசதிகள் கொண்ட ஓர் அரசு அதை உடைக்கக்கூடும் என 2015இல் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 14ஆம் குரூப் அல்லது அதைவிட வலுவானதைக் கேளுங்கள்.

அமைக்கும்போது வரும் வழமையான தடங்கல்கள்

ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் உள்முகவரி 192.168.1 என்று தொடங்கும். கொழும்பிலும் கல்முனையிலும் அதை அப்படியே விட்டுவிட்டால், ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே இலக்கம் கொடுத்த கதையாகிவிடும். எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. ஒவ்வொரு கடைக்கும் வெவ்வேறு தொடர் வேண்டும். கிளை திறக்கும் நாளிலேயே இதைத் தீர்மானித்துவிட்டால் பிறகு எல்லாக் கணனிகளையும் பிரின்டர்களையும் மாற்றும் வேலை மிச்சம்.

தலைமைக் கடைக்கு மாறாத இணைய முகவரி ஒன்று இருப்பது நல்லது. சேவை வழங்குநரிடம் "ஸ்டெடிக் ஐ.பி." என்று கேட்டால் மாதக் கட்டணத்துக்குத் தருவார்கள். கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் சிம் போட்ட ரவுட்டர்களில் ஒரே வெளிமுகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம் என்பதால், அப்படியான கிளையை வெளியிலிருந்து அழைக்க முடியாது. கிளைதான் கொழும்பை அழைக்க வேண்டும். அப்போது கொழும்பு ரவுட்டர் எந்த முகவரியிலிருந்து வரும் அழைப்புக்கும் பதில் கொடுக்கும் நிலையில் இருக்கும். அங்கே உங்களைக் காப்பது அடையாள உறுதிப்படுத்தல் ஒன்றுதான்.

சில வேளைகளில் இணைப்பு இருக்கும், சிறிய பில்கள் போகும், ஆனால் மாத அறிக்கை போன்ற பெரிய கோப்பு இடையில் தொங்கிவிடும். சேவை வழங்குநரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரு பொதியின் உச்ச அளவு சாதாரணமாக 1500 பைட். உறை போட்டதும் அது பருத்து, வாசலில் சிக்கிக்கொள்கிறது. உள்ளே போகும் பொதியின் அளவை 1360 அளவுக்குக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இணைப்பு ஏற்படாவிட்டால் ரவுட்டரின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதற் கட்டத்திலேயே நின்றிருந்தால் வெளிமுகவரி, பையர்வோல், இரகசியச் சொல், சான்றிதழ் ஆகியவற்றில் பிழை இருக்கும். 500, 4500 என்ற இரு வாசல்களும் திறந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். முதற் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டத்தில் நின்றிருந்தால், எந்த உள்முகவரித் தொடரிலிருந்து எந்தத் தொடருக்குப் போகலாம் என்ற பட்டியல் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பணம் கொடுக்க முன்னர் மூன்று பரீட்சைகள்

வேலை முடிந்தது என்று சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். உங்கள் கண் முன்னே மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று, கிளை ரவுட்டரில் இரகசியச் சொல்லின் ஓர் எழுத்தை மாற்றி, இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள். இணைப்பு மறுக்கப்பட வேண்டும். ஏற்றுக்கொண்டால் உங்கள் ரவுட்டர் எவரையும் அடையாளம் காணாமல் உள்ளே விடுகிறது என்று அர்த்தம். சரியான சாவிக்குத் திறப்பதை எல்லோரும் பரீட்சிக்கிறார்கள். பிழையான சாவிக்குத் திறக்காமல் இருப்பதைப் பரீட்சிப்பவர்கள் குறைவு.

இரண்டு, சுரங்கப்பாதையை நிறுத்திவிட்டு கிளையில் பில் அடித்துப் பாருங்கள். தலைமைக் கடையுடனான தொடர்பு அறுந்துபோக வேண்டும். தொடர்பு தொடர்ந்தால், தரவு பாதுகாப்பில்லாத பழைய வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த 3389 வாசலை மூட மறந்திருப்பார்கள்.

மூன்று, கிளையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வை-பையில் ஒரு தொலைபேசியை இணைத்து, அதிலிருந்து கொழும்பு சேர்வரை அடைய முடிகிறதா என்று பாருங்கள். முடியக்கூடாது. சுரங்கப்பாதை வழியாக பில் கணனிகள் மட்டும், சேர்வரின் தேவையான வாசலுக்கு மட்டும் போக வேண்டும். கிளையில் ஒரு கணனிக்கு வைரஸ் தொற்றினால், தடையில்லாத சுரங்கப்பாதை அதையும் பத்திரமாகக் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சாவிக் கொத்து யாரிடம்?

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் நிறுவனம் பல நாட்கள் மூடப்பட்டது. நாட்டின் கிழக்குக் கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுசெல்லும் நிறுவனம் அது. கப்பம் கேட்டவர்களுக்கு சுமார் 44 இலட்சம் டொலர் கொடுத்தது. அவர்கள் நுழைந்தது, பாவனையில் இல்லாத ஒரு பழைய வீ.பீ.என். கணக்கின் வழியாக. அதற்குக் கடவுச்சொல் ஒன்றைத் தவிர வேறு சரிபார்ப்பு இருக்கவில்லை. அந்தக் கடவுச்சொல் இலகுவானதும் அல்ல, சிக்கலானதுதான் என்று அதன் தலைவர் செனட் குழுவின் முன் சொன்னார். சொல் எத்தனை கடினமாக இருந்தாலும், பிறர் கைக்குப் போய்விட்டால் பயனில்லை. எவரும் நினைவில் வைத்திராத கணக்கோ, எவரும் பூட்டாத கதவு.

சாவிகள் ரவுட்டருக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. எமது நாட்டிலும் பாவிக்கப்படும் மைக்ரோடிக் ரவுட்டர்களில், உள்ளே இருக்கும் கடவுச்சொற்களை வெளியிலிருந்தே வாசித்துவிடக்கூடிய ஓட்டையொன்று 2018இல் கண்டுபிடிக்கப்பட்டது. கம்பனி அவ்வருடம் ஏப்ரலிலேயே திருத்தத்தை வெளியிட்டது. அதை ஏற்றிக்கொள்ளாத இலட்சக்கணக்கான ரவுட்டர்கள் அதன் பின்னரும் பல மாதங்களாகத் தாக்கப்பட்டன. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளி இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது. அதன் மென்பொருளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விடயம். எமது கடைகளில் காசுப் பெட்டியின் சாவியை முதலாளி தன் இடுப்பில்தான் வைத்திருப்பார். ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல், இரகசியச் சொற்கள், சான்றிதழ் வழங்கும் தலைமைச் சாவி ஆகிய மூன்றும் அமைத்துக் கொடுத்த இளைஞரின் மடிக்கணனியில் மட்டும் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை வெளிநாடு போகலாம். மடிக்கணனி களவு போகலாம். வேலை முடியும் நாளில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ரவுட்டர் அமைப்பின் பிரதியையும் எடுத்து, உறையிலிட்டு ஒட்டி, காணி உறுதியுடன் சேர்த்து வையுங்கள். அவர் போன பின்னர் நிர்வாகக் கடவுச்சொல்லை வேறொருவரைக் கொண்டு மாற்றுங்கள். கிளை முகாமையாளரோ கணனி பார்ப்பவரோ வேலையை விட்டு விலகினால், அன்றே அந்தக் கிளையின் சொல்லை மாற்றுங்கள்.

புதிதாக வந்த சாரதியின் கையில் சிட்டை இல்லாவிட்டால் ஒரு மூடை அரிசியைக் கூட களஞ்சியத்திலிருந்து வெளியே விடாதவர்கள் நாம். கையொப்பத்தில் சந்தேகம் வந்தால் கிளைக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சாமானை ஏற்றுவோம். அதே பழக்கத்தை ரவுட்டருக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் தொழில்நுட்பவியலாளர் வரும்போது, "என் கிளை என்று சொல்லிக்கொண்டு வேறு எவராவது வந்தால் இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அவரால் அதைச் செய்து காட்ட முடிந்தால் மட்டும் கணக்கை முடியுங்கள்.